ஜானட்டின் வலது செருப்பு

ஜானட்டின் வலது காலைக் காசிமேட்டுக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்துகொண்டிருந்த நேரத்தில், ஜானட் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தாள். அடக்கமான ஆறாம் மாதம் அந்தக் கால் எழுந்து நடக்க ஆரம்பித்தது. ராயபுரத்தில் இதை யாரும் குரலைத் தாழ்த்திச் சொல்வதில்லை. வஞ்சிரம் விலை ஏறிவிட்டது, தண்ணி லாரி இன்னும் வரவில்லை, கால் நேற்று திருவொற்றியூர்ப் பக்கம் போயிருந்தது என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள்.

மகளின் காலுக்கு முன்னால் அப்பனின் காலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். லூர்து தன் தாயின் வயிற்றிலிருந்து தலை கொடுத்து வராமல் கால் நீட்டி வந்தவன். அப்படிக் காலால் பிறந்தவன் காலாலேயே நீவிவிட்டால் சுளுக்கும் முதுகுப் பிடிப்பும் விட்டுப்போகும் என்பது இந்தப் பக்கத்தில் எல்லாச் சாதிக்கும் எல்லாச் சாமிக்கும் பொதுவான நம்பிக்கை. துறைமுகத்தில் கப்பலேறி, கன்டெய்னர் பெட்டிகள் அலையில் நழுவாதபடி இரும்புக் கம்பி மாட்டி இறுக்குவது அவன் பிழைப்பு. ஷிப்டு முடிந்து, தோள் இறங்கி, கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து குடிசை மாற்று வாரியக் குடியிருப்பின் முதல் மாடிக்கு அவன் ஏறி வருவதற்குள் வாசலில் மூன்று நான்கு பேர் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பூட்ஸைக் கழற்றிக் காலைக் கழுவி, பாதத்தில் நல்லெண்ணெய் தடவி, சுவரைப் பிடித்துக்கொண்டு வலது காலால் மேலிருந்து கீழாக நீவுவான். அதற்குக் காசு வாங்கினால் காலின் குணம் போய்விடும் என்பதால் வாங்க மாட்டான். யாராவது நாலு சங்கரா மீனைப் பையில் போட்டுக் கதவில் மாட்டிவிட்டுப் போனால் அவன் மனைவி லில்லிபுஷ்பம் வேண்டாம் என்று சொல்லவும் மாட்டாள்.

அவர்களுடைய ஒரே மகள் ஜானட் பன்னிரண்டு வயது முடிந்ததும் வளர ஆரம்பித்தாள். எல்லாப் பிள்ளைகளும்தான் வளர்கின்றன. ஆனால் ஜானட் வளர்ந்தது காதுக்குக் கேட்டது. பச்சை மூங்கில் வெயிலில் விரிசல் விடுவது போல ஒரு சத்தம் கீழ்வீடு வரைக்கும் கேட்டதாகச் சொல்கிறார்கள். பள்ளிக்கூடப் பாவாடையின் மடிப்பைப் பிரித்து இறக்கி இறக்கி, கடைசியில் பிரிக்க மடிப்பே இல்லாமல் போனது. கால்பந்தில் அவள்தான் கோல்கீப்பர். மேல்கம்பியைக் குதிக்காமலே தொடுகிற பெண்ணை எந்த டீமும் விடாது. அந்த வருஷத் தவக்காலத்தில் அவளுக்கு வலது முட்டிக்குச் சற்று மேலே வலி வந்தது. பந்து பட்டிருக்கும் என்றார்கள். விழுந்திருப்பாள் என்றார்கள். ஊருக்கே நீவுகிற கால் வீட்டிலேயே இருக்கும்போது வேறெங்கே போவார்கள்? லூர்து எண்ணெய் தடவி நீவினான். கூச்சத்தில் அவள் கலகலவென்று சிரித்தாள். இரண்டு நாள் வலி போனது போல இருந்தது, திரும்ப வந்தது. அவன் திரும்ப நீவினான். வலி படுத்தால் கூடியது, உட்கார்ந்தால் கொஞ்சம் தணிந்தது. அவன் இன்னும் அழுத்தி நீவினான். இப்படியே தவக்காலம் போய், ஈஸ்டர் போய், பள்ளி திறந்து, முதல் மழையும் வந்துவிட்டது. முட்டிக்கு மேலே எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு வீக்கம் வந்து நின்றது. விளையாட்டு டீச்சர்தான் முதலில் அதைப் பார்த்து, அன்றைக்கே ஆட்டோ பிடித்து எக்ஸ்ரே எடுக்க அழைத்துப்போனார்.

பெரிய ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்தவர் பெர்சிஸ் டாக்டர். அவருக்கு இரண்டு வேலை. எலும்பில் புற்றுநோய் வந்த பிள்ளைகளுக்கு மருந்து ஏற்றுவது ஒன்று. எந்த வயதில், எந்த ஊரில், எவ்வளவு உயரப் பிள்ளைகளுக்கு அது வருகிறது, வலி வந்து எவ்வளவு காலம் கழித்து ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள் என்று விசாரித்து எண்ணிக்கை எடுப்பது இன்னொன்று. அவர் லூர்துவிடம் கேள்விகள் கேட்டார். வலி வந்ததும் முதலில் எங்கே காட்டினீர்கள் என்ற கேள்விக்கு லூர்து தன் காலைக் குனிந்து பார்த்தான்.

"என் காலாண்டதான், டாக்டரம்மா."

அவர் அதை எழுதிக்கொண்டார். முகம் மாறவில்லை. அந்த எழுத்து ஓடி முடியும் வரை காத்திருந்து லூர்து கேட்டான். "இது ஏன் வருது? நான் நீவுனதாலயா? மணலி கம்பெனிப் புகையா? ஆர்பர்ல நான் முழுங்குற கரித்தூளு வூட்டுக்கு வந்துச்சா?"

"நீவுனதால வரல. அத முதல்ல மனசுலருந்து எடுங்க," என்றார் டாக்டர். "பத்து லட்சம் பிள்ளைகள எடுத்தா ஒரு சிலருக்குத்தான் வருது. எலும்பு ரொம்ப வேகமா நீளுற வயசுல வருது. பொண்ணுங்க முன்னாடி வளர்றாங்க, அவங்களுக்குக் கொஞ்சம் முன்னாடி. பையன்களுக்குக் கொஞ்சம் பின்னாடி, கொஞ்சம் அதிகமா. முட்டியச் சுத்தித்தான் எலும்பு வேகமா நீளுது, அதனால அங்கதான் பெரும்பாலும். புகை நல்லதுன்னு நான் சொல்ல மாட்டேன், அதுக்கு வேற நோய்ங்க இருக்கு. ஆனா இதுக்கு அதுதான் காரணம்னு எண்ணிக்கை சொல்லல. ரொம்பப் பிள்ளைகளுக்குக் காரணமே தெரியல, லூர்து. காரணம் கிடைச்சா யாரையாவது திட்டலாம். எனக்கும் அந்த ஆசை உண்டு."

"சீக்கிரம் வந்திருந்தா?"

"சீக்கிரம் வர்ற பிள்ளைகளுக்குக் காலக் காப்பாத்த வழி அதிகம். வளர்ற வயசு, ஒரே இடத்துல வலி, படுத்தா கூடுது, ரெண்டு வாரமாகியும் போகல. அப்படின்னா படம் எடுத்துடணும். அவ்வளவுதான் இதுல தெரிஞ்சுக்க வேண்டியது. இப்ப நாம உயிரப் பாப்போம்."

மருந்து ஏற்றினார்கள். ஜானட்டின் முடி தலையணையில் விழுந்தது. அவள் அதை உருட்டிப் பந்தாக்கித் தூக்கிப்போட்டுப் பிடித்தாள். கடைசியில் தொடை நடுவிலிருந்து காலை எடுத்தார்கள். மறுநாள் ஆஸ்பத்திரிக்காரர்கள் அதை வெள்ளைத் துணியில் சுற்றி, மேலே மஞ்சள் உறை போட்டு, அடக்கம் செய்துகொள்ளச் சொல்லி லூர்துவிடம் கொடுத்தார்கள். ஆட்டோவில் அவன் அதை மடியில் குறுக்காகப் படுக்கவைத்து, மேடு பள்ளத்தில் அடிபடாமல் ஒரு கையைக் கீழே கொடுத்துப் பிடித்துக்கொண்டான். பிறந்த நாலாம் நாள் ஜானட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தபோதும் இதே சாலையில் இப்படித்தான் பிடித்திருந்தான். கனமும் ஏறக்குறைய அதே கனம்தான்.

கல்லறையில் குழி வெட்டுகிற சாலமோன் என்ன அளவுக்கு வெட்டுவது என்று தெரியாமல் பச்சைப் பிள்ளைக்கு வெட்டுகிற அளவுக்கு வெட்டினார். ஆள் உயிரோடு இருக்கும்போது காலுக்கு மட்டும் என்ன ஜெபம் சொல்வது என்று ஃபாதர் யோசித்தார். "அது ஒரு பாவமும் பண்ணல ஃபாதர்," என்றாள் லில்லிபுஷ்பம். "அப்போ மன்னிப்புக் கேக்கவும் ஒண்ணும் இல்ல," என்று சொல்லி மண்ணை மட்டும் மந்திரித்துக் கொடுத்தார் ஃபாதர். சிலுவையில் பிறந்த தேதியை எழுதிவிட்டு, இறந்த தேதிக்கு உரிய இடத்தை வெறுமனே விட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் ஜானட்டுக்கு வாங்கின புதுச் செருப்பு ஜோடியில் வலதுகால் செருப்பு இனி வீட்டில் எதற்கு என்று, லில்லிபுஷ்பம் அதைக் கொண்டுபோய் மண்மேட்டின் மேல் வைத்தாள்.

ஜானட் ஊன்றுகோலில் வீட்டுக்கு வந்து, தலையில் முடி மறுபடி குத்திட்டு வளரத் தொடங்கியபோது, தெருவில் ஒரு தடம் காணப்பட்டது. முதலில் பார்த்தவள் மாநகராட்சியில் தெருப் பெருக்குகிற குப்பம்மா. விடிந்ததும் வாளியும் துடைப்பமுமாக வந்தவள், ஒரு வீட்டு வாசற்படியில் வலதுகால் செருப்புத் தடம் ஒன்றைப் பார்த்தாள். இடதுகால் தடம் இல்லை. வந்த வழியும் இல்லை, போன வழியும் இல்லை. யாரோ நொண்டியடித்து விளையாடியிருக்கிறார்கள் என்று நினைத்துப் பெருக்கிவிட்டாள். நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தது. எல்லோரையும் போலப் பூவும் மெழுகுவர்த்தியும் எடுத்துக்கொண்டு இவர்களும் போனார்கள். மண்மேட்டின் மேல் இருந்த செருப்பு குதிகால் பக்கம் தேய்ந்து, வார் நைந்து, எண்ணூர் மின்நிலையச் சாம்பலும் துறைமுகக் கரியும் உப்பளத்து உப்பும் அடுக்கடுக்காக ஒட்டிக் கிடந்தது. மண்மேடும் ஒரு சாண் நீண்டிருந்தது.

சாலமோன் அதற்கு ஏற்றாற்போல் ஓரத்துச் செங்கல்லை நகர்த்தி வைத்திருந்தார். "வளருது. இன்னா பண்ண சொல்ற?" என்றார் லூர்துவிடம். "வளர்ற வயசுதான."

ஊன்றுகோலில் சாய்ந்து நின்ற ஜானட் தேய்ந்த செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பாத்தியா நைனா? அது ஊரெல்லாம் சுத்திகினு கீது. நான் வூட்ல குந்திகினு கீறேன்," என்றாள். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்த லில்லிபுஷ்பத்துக்கு, அவள் சிரித்ததும் அழுகை வந்துவிட்டது.

அதிலிருந்து வருஷத்துக்கு ஒரு ஜோடி செருப்பு வாங்குவது வழக்கமானது. இடது ஜானட்டுக்கு, வலது கல்லறைக்கு. கல்மண்டபத்தில் செருப்புக் கடை வைத்திருக்கும் சுஃபியான் பாய் கல்லறைக்குப் போகிற செருப்புக்குக் கெட்டி அடி வைத்துத் தைத்துக் கொடுத்தார். "அதுக்குத்தான் ஓட்டம் ஜாஸ்தி," என்பார். ஒவ்வொரு வருஷமும் அளவு ஒரு நம்பர் ஏறியது. லூர்துவுக்கு அது ஒரு பக்கம் மகிழ்ச்சி, ஒரு பக்கம் பயம். கால் வளர்கிறது என்றால் ஜானட்டும் வளர்கிற வயதில்தான் இருக்கிறாள் என்று அர்த்தம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நெஞ்சுப் படம் எடுத்துப் பார்த்தார்கள், நோய் நுரையீரலுக்குப் போய் உட்கார்ந்திருக்கிறதா என்று. ஒவ்வொரு முறையும் முடிவு வரும் வரை லூர்துவுக்குச் சோறு இறங்காது. அவள் இந்த வயதைக் கடந்து அந்தப் பக்கம் போய்விட வேண்டும். அவனுக்கு வேறு வேண்டுதல் கிடையாது.

தடம் எதற்கு வருகிறது என்று இரண்டாம் வருஷம்தான் தெரிந்தது. வெட்டிய இடம் புண்ணாகி ஜானட் மறுபடி சில வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பக்கத்துக் கட்டிலில் முகத்துவாரக்குப்பத்துப் பையன் டில்லிபாபு படுத்திருந்தான். பதினாறு வயது. படகில் நின்றால் பாய்மரம் மாதிரி இருப்பான். அவனுடைய அம்மா பேச்சுவாக்கில், மழைக்கு முன்னாடி எங்க வாசல்ல ஒத்தச் செருப்புத் தடம் கெடந்துச்சு, வலது காலு, ஏதோ ஏவல்னு நெனச்சு மஞ்சத்தண்ணி ஊத்திக் கழுவினேன் என்றாள். பையன் அப்போதே முட்டி நோவுகிறது என்று சொல்லியிருக்கிறான். வலை இழுத்த நோவு என்று சொல்லிச் சுளுக்கு எடுத்திருக்கிறார்கள். அவனுக்கு நோய் நெஞ்சுக்குப் போய்விட்டிருந்தது. கடைசி வாரத்தில் ஜானட்டும் அவனும் கட்டிலில் உட்கார்ந்தபடியே கேரம் ஆடினார்கள். அவன் சிவப்புக் காயைப் போட்டுவிட்டு அதற்கு ஜோடியாகப் போட வேண்டிய காயைப் போட முடியாமல் களைத்துப் படுத்தான். அவன் போன பிறகும் ஜானட் அந்தப் பலகையை வெகுநேரம் கலைக்காமல் வைத்திருந்தாள். வீட்டுக்கு வந்ததும் அப்பனிடம் சொன்னாள். "அது சொம்மா சுத்தல நைனா. கதவத் தட்டத் தெரியாம வாசல்ல நின்னுட்டு வருது."

அப்புறம் எல்லோரும் திரும்பிப் பார்த்து யோசித்தார்கள். தடம் வந்த வாசல்களில் எல்லாம் உள்ளே ஒரு வளர்கிற பிள்ளை இருந்தது. பெண்பிள்ளை வீடென்றால் பன்னிரண்டு பதின்மூன்று, பையன் வீடென்றால் பதினைந்து பதினாறு. பெரும்பாலும் உயரமான பிள்ளைகள். கால் ஏழை வாசல், பணக்கார வாசல் பார்க்கவில்லை. யானைக்கவுனியில் ஒரு சேட்டு வீட்டுப் பளிங்குப் படியிலும் கரித்தடம் பதித்துவிட்டு வந்தது. வாட்ச்மேன் துடைத்துவிட்டான். மணலிக்கும் போனது, ஆனால் மற்ற இடங்களைவிட அதிகமாகப் போகவில்லை. அதிகமாகப் போயிருந்தால் அங்குள்ள ஆலைகளுக்கு எதிராகக் கொடி பிடிக்கத் தயாராக இருந்த சிலருக்கு இதில் வருத்தம்தான்.

அந்த வருத்தம் உள்ளவர்களில் ஒருவன் பாரி. மணலியிலிருந்து டேங்கர் லாரி ஓட்டுகிறவன், லூர்துவுக்கு மேல்மாடி. கூடத்தில் புத்தர் படமும் அம்பேத்கர் படமும் மாட்டியிருப்பான், தெருவில் யார் தாயத்துக் கட்டினாலும் கழற்றச் சொல்லிச் சண்டைக்குப் போவான். அவன் மகள் மகிழினி ஓட்டப்பந்தயக்காரி, பதின்மூன்று வயதில் அப்பன் உயரத்துக்கு வந்துவிட்டவள். ஒரு மாலை அவளைக் கைத்தாங்கலாகப் படியிறக்கிக் கூட்டிவந்தான்.

"மாமா, பாப்பாவுக்கு முட்டிக்கு மேல புடிச்சிகினு கீது. ரெண்டு நீவு நீவி வுடு."

"எத்தினி நாளா?"

"அது கீது ஒரு மாசமா. ரேஸ்ல ஓடச்சொல்ல இஸ்துகிச்சு. ராவுலதான் பேஜாரு பண்ணுது."

லூர்து எண்ணெய்க் கிண்ணத்தை எடுக்கவில்லை. "வாசல்ல தடம் வந்துச்சாமே?"

"குப்பம்மா அக்கா ஓதிச்சா? வந்துச்சு. பினாயில் ஊத்திக் கயுவிட்டேன். கால் நடந்துச்சு, கை பறந்துச்சுன்னுலாம் என்னாண்ட சொல்லாத மாமா. நம்ம வூட்ல மூடநம்பிக்கை கெடையாது."

"என் காலு நீவுனா சரியாவும்னு மட்டும் நம்புற?"

"அது எக்ஸ்பீரியன்ஸ் மாமா! எங்கம்மா முதுக நீதான சரி பண்ண?"

மகிழினி உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். லூர்து சிரிக்கவில்லை. "நான் நீவ மாட்டேன் பாரி. நாளைக்கே ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போ," என்றான். பாரியின் முகம் சுருங்கிவிட்டது. "உன் வூட்ல ஒண்ணு நடந்துச்சுன்னா ஊர்ல கீற புள்ளைங்களுக்குலாம் அதே நடக்கணுமா? நல்ல வார்த்த ஒண்ணு உன் வாய்ல வராதா?" என்று சொல்லிவிட்டு, தண்டையார்பேட்டையில் காலால் பிறந்தவள் ஒருத்தி இருக்கிறாள், அவளிடம் போய்க்கொள்கிறேன் என்று மகளைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு படியேறினான். அவள் ஒவ்வொரு படிக்கும் வலது காலைத் தூக்கிவைத்த விதத்தை லூர்து பார்த்துக்கொண்டே நின்றான். அந்த நடை அவனுக்குத் தெரிந்த நடை.

ஜானட் உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு அப்பன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "மாட்டேன்னு சொன்னா அவரு வேற காலத் தேடிப் போவாரு நைனா. மாட்டேன்னு சொல்லாத. நீவுறேன்னு சொல்லு. ஆனா படம் கேளு."

"இன்னா படம்?"

"எக்ஸ்ரே. கண்ணு மங்குன மாதிரி உன் காலும் மங்கிடுச்சு, அடியில படம் வெச்சாதான் நீவ வரும்னு சொல்லு."

"பொய் சொல்ல சொல்றியா? ஞாயித்துக்கிழம ஆச்சுன்னா கோயிலுக்குப் போற பொண்ணு நீ."

"ஃபாதராண்ட நான் பேசிக்கிறேன்." அவள் அப்பனின் வலது பாதத்தை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கப்பல் தளத்து இரும்பில் நடந்து நடந்து தோல் காய்த்துப்போன பாதம். அதை மெல்லப் பிடித்துவிட்டபடி சொன்னாள். "என் காலு மண்ணுக்குள்ள இருந்துகினே வாசல் வாசலா அலையுது. உன் காலு நல்லா கீது, சொம்மாதான கீது? அதுவும் கொஞ்சம் வேல செய்யட்டுமே."

லூர்து அப்போதே மேல்மாடிக்குப் போனான். ஜானட் சொல்லிக்கொடுத்ததை அப்படியே சொன்னான். மங்கிப்போன கால் என்றதும் பாரிக்கு இரக்கம் வந்துவிட்டது. "இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா மாமா? ஒரு படந்தான?" என்று மறுநாளே லாரிக்கு லீவு போட்டுவிட்டு மகளைக் கூட்டிப் போனான். எக்ஸ்ரே எடுத்த இடத்திலேயே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஆனாலும் சொன்ன சொல்படி பாரி படத்தை முதலில் லூர்துவிடம்தான் கொண்டுவந்தான். தரையில் விரித்தான். "மிதி மாமா," என்றான். லூர்து காலைக் கழுவிக்கொண்டு வந்து, தூங்குகிற பிள்ளையின் மேல் போர்வை போடுகிற மாதிரி அவ்வளவு மெதுவாகப் படத்தின் மேல் பாதத்தை வைத்தான். வைத்தபடியே கொஞ்ச நேரம் நின்றான்.

"நீவறதுக்கு இதுல ஒண்ணுமில்ல பாரி. நீவுனா கெட்டுப்பூடும். கெளம்பு, நானும் வரேன்."

மகிழினிக்கு மருந்து ஏற்றினார்கள். சின்னதாக இருக்கும்போதே வந்துவிட்டதால் கெட்டுப்போன எலும்பை மட்டும் எடுத்துவிட்டு உள்ளே உலோகத்தண்டு வைத்துத் தைத்தார்கள். கால் அவளிடமே இருந்தது. முதல்முறை வாக்கர் பிடித்து நடந்துவந்து அவள் ஜானட்டின் வாசலில் நின்றபோது, ஜானட் அவளைக் கேலி செய்தாள். "ரெண்டு கால வச்சுகினு இவ்ளோ ஸ்லோவா வர? நான் ஒத்தக் கால்ல உன்ன ஜெயிப்பேன்டி." இருவரும் மாடி நடைபாதையில் பந்தயம் வைத்தார்கள். யார் ஜெயித்தார்கள் என்பதில் இன்றுவரை தகராறு உண்டு. பாரி அன்று மாலை பினாயில் பாட்டிலை எடுத்துவந்து லூர்துவின் கையில் கொடுத்து, "நீயே வெச்சுக்கோ மாமா, என் வூட்ல வாணாம்," என்றான். காலைப் பற்றி மட்டும் அவன் அதன் பிறகும் வாய் திறந்து எதுவும் ஒப்புக்கொள்ளவில்லை.

அதிலிருந்து லூர்துவின் கால் மங்கிய செய்தி ஊரெல்லாம் பரவிவிட்டது. வளர்கிற பிள்ளைக்கு முட்டி வலி என்று யார் வந்தாலும் படம் இல்லாமல் அவன் கால் நீவாது. புளியந்தோப்பிலிருந்தும் வியாசர்பாடியிலிருந்தும்கூடச் சுருட்டிய படங்களோடு வந்தார்கள். வரிசையாக வருகிற படங்களில் ஏறக்குறைய எல்லாமே வெறும் சுளுக்கும் வளர்கிற நோவுமாகத்தான் இருந்தன. அந்தப் பிள்ளைகளை அவன் சந்தோஷமாக நீவி, சிரிக்கவைத்து அனுப்பினான். எப்போதாவது, வருஷத்தில் ஒன்றோ அதுவும் இல்லையோ, படம் எடுத்த இடத்திலேயே சீட்டுக் கொடுத்துவிட்டிருப்பார்கள். அப்போது அவன் படத்தின் மேல் பாதத்தை வைத்து நின்றுவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு அவர்களோடு கிளம்பிவிடுவான். அரசு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவர் மட்டும், "ராயபுரத்து முட்டியெல்லாம் எந்தலையிலதான் விடியுது," என்று அலுத்துக்கொண்டார்.

பெர்சிஸ் டாக்டருக்கு வருஷங்கள் போகப் போக ஒன்று புலப்பட்டது. வடசென்னையில் இந்த நோய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எப்போதும் போலத்தான் பத்து லட்சத்தில் சிலரைத் தேடி வந்தது. ஆனால் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் மற்ற இடத்துப் பிள்ளைகளைவிடச் சீக்கிரமாக வந்தார்கள், கட்டி சின்னதாக இருக்கும்போதே வந்தார்கள். யார் அனுப்பியது என்று கேட்டால் சிலர் லூர்து மாமா கால் என்றார்கள், சிலர் வாசலுக்கு வந்த கால் என்றார்கள். அடுத்த முறை நெஞ்சுப் படத்துக்கு வந்த ஜானட்டிடமும் லூர்துவிடமும் அவர் கதவைச் சாத்திவிட்டு விசாரித்தார். அவர்கள் எல்லாவற்றையும் சொன்னார்கள், மங்கிய காலின் பொய் உட்பட. டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் எண்ணிக்கிட்டே இருக்கேன், அது நடந்துகிட்டே இருக்கு," என்றார். "ரெண்டு பேரும் தேடுறது ஒரே பிள்ளைகளத்தான். தடம் வந்தா யாரும் கழுவாம இருக்கச் சொல்லுங்க, போதும்."

ஜானட்டுக்குப் பதினேழு, பதினெட்டு ஆனது. கல்மண்டபத்தில் ஒரு மொபைல் கடையில் வேலைக்குப் போனாள். வளர்கிற பிள்ளைக்குச் செயற்கைக் கால் வருஷத்துக்கு வருஷம் குட்டையாகிவிடும் என்று தள்ளிப்போட்டு, பத்தொன்பதில்தான் ஒன்று பொருத்தினார்கள். அதன் ரப்பர் பாதத்துக்கு அவள் செருப்பே போடவில்லை. வாங்குகிற வலது செருப்பு யாருக்கு என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். செருப்பின் நம்பர் ஏறுவது நின்றுவிட்டது. சாலமோன் செங்கல்லை நகர்த்துவதும் நின்றது. சுஃபியான் பாய்க்கு மட்டும் ஒரு வேலை குறையவில்லை, அடி கெட்டியாகத் தைப்பது. செருப்பு ஒவ்வொரு நவம்பரிலும் தேய்ந்துதான் இருந்தது.

அவளுக்கு இருபத்தொன்று நடந்த வருஷம், கல்லறைத் திருநாளுக்குப் போனபோது மண்மேட்டில் செருப்பு போன வருஷம் வைத்தபடியே கிடந்தது. தேயவில்லை. தூசிகூட இல்லை. அடியில் ஒட்டின விலைச் சீட்டுகூட உரியவில்லை. லில்லிபுஷ்பம் மெழுகுவர்த்தியை ஏற்றாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். இத்தனை வருஷம் அந்தக் கால் நடப்பதைத்தான் மகளுடைய உயிரின் சத்தமாகத் தான் கேட்டு வந்திருப்பது லூர்துவுக்கு அப்போதுதான் தெரிந்தது. சாலமோனைக் கேட்டான். அவர் கையை விரித்தார். அந்த வாரமே நெஞ்சுப் படம் எடுக்கும் முறை வந்தது. லூர்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, தன் பாதத்தின் மேல் இன்னொரு பாதத்தை வைத்து அழுத்திக்கொண்டிருந்தான்.

இருவரையும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டு, டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து மேலிருந்து கீழாக, கீழிருந்து மேலாகப் பார்த்தார். அவருக்குத் தலை நரைத்துவிட்டிருந்தது. "சுத்தமா இருக்கு ஜானட். அந்த வயச தாண்டிட்ட. இனி வருஷத்துக்கு ஒருதரம் வந்து என்னப் பாத்துட்டுப் போ," என்றார். லூர்து எழுந்து மேஜையில் தலை படும்படி குனிந்து கும்பிட்டான். ஜானட்தான் அவனை நிமிர்த்தி ஆட்டோவில் ஏற்றினாள். வீட்டுக்கு விடச் சொல்லவில்லை, காசிமேட்டுக்கு விடச் சொன்னாள்.

கல்லறையில் பூக்கள் வாடிக் கிடந்தன. அவள் மண்மேட்டின் ஓரத்தில் உட்கார்ந்து, அந்தப் புதுச் செருப்பை எடுத்து, விலைச் சீட்டைக் கிழித்துப்போட்டுவிட்டு, தன் செயற்கைக் காலில் மாட்டிப் பார்த்தாள். அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தியது. வாரை இறுக்கினாள். ஏழெட்டு வருஷத்தில் முதல்முறையாக ஒரு ஜோடி செருப்பு ஒரே ஆளின் காலில் இருந்தது. "இத்தினி வருசம் நீ போட்டுத் தேச்ச," என்று மண்ணைத் தட்டிக்கொடுத்தாள். "இத எனக்குன்னு தொடாம வெச்சிகீற."

"அது இன்னா பண்ணும், பாப்பா?" என்றான் லூர்து.

"வெறுங்கால்ல போவட்டும் நைனா. கடக்கரப் புள்ள காலு. அதுக்கு இன்னா கூச்சம்?"

அவள் எழுந்து வாசல்வரைக்கும் நடந்தாள். லூர்து பின்னால் நின்று, இரண்டு செருப்பும் மாறி மாறி மண்ணில் பதிந்துகொண்டு போவதைப் பார்த்தான். அவன் அந்தத் தடங்களை மிதிக்காமல் ஓரமாக நடந்து அவளைத் தொடர்ந்து போனான்.

மறுநாள் விடியலில் குப்பம்மா தெருவைப் பெருக்கிக்கொண்டு வந்தாள். புதிதாகக் குடிவந்த ஒரு வீட்டின் வாசற்படியில் வலதுகால் தடம் ஒன்று இருந்தது. இந்தமுறை செருப்பில்லை. ஐந்து விரலும் தெளிவாகப் பதிந்திருந்தன. அவள் துடைப்பத்தைத் திருப்பி, தடத்தைத் தொடாமல் அதைச் சுற்றிப் பெருக்கி முடித்தாள். பிறகு கதவைத் தட்டினாள்.

"யம்மா, வூட்ல வளர்ற புள்ள கீதா?"